எஞ்சின் மாற்றமும் சமூக மாற்றமும்: இலண்டன் ‘றூட்மாஸ்டர்’ பஸ்ஸின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே நமது பாடநூல்களில் எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி எஞ்சின் என்றதும் ஜேம்ஸ் வாட்டும் டீசல் எஞ்சின் என்றதும் ருடொல்ப் டீசலும் நினைவுக்கு வருகின்றனர். ஆயின், உருவாக்கப்பட்ட பொருள் அடுத்த ஐம்பது ஆண்டுக்காலம் எவ்வாறு பேணப்பட்டது, எவரது கைகள் அதனைத் திருத்தின, எக்கட்டத்தில் அதன் உறுப்புகள் மாற்றப்பட்டன, அம்மாற்றத்தைத் தீர்மானித்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. புதியதைப் படைத்தலே வரலாறு, பழையதைப் பேணுதல் வெறும் ஊழியம் என்ற கருத்துநிலை இதன் பின்னால் நிற்கின்றது. மூளையுழைப்பை உயர்த்தி உடலுழைப்பைத் தாழ்த்தும் வர்க்கச் சமுதாயத்தின் நோக்கே இங்கும் செயற்படுகின்றது எனலாம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சாதாரணமானது. பழைய பஸ் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் வேறோர் எஞ்சினைப் பொருத்துதலே அது. இலக்கிய ஆய்வாளன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். பண்பாடு என்பது சாதாரண வாழ்க்கையிலேயே உள்ளது என்று வாதிட்ட ரேமண்ட் வில்லியம்ஸ், 1958இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையை ஒரு பஸ் தரிப்பிடத்தில் தொடங்கி, பஸ் பயணம் ஒன்றின் ஊடாகவே தமது வாதத்தை வளர்த்துச் சென்றார். அக்கட்டுரையில் சாரதியும் பெண் நடத்துநரும் இடம்பெறுகின்றனர். பண்பாட்டை ஆராய்வோர் பஸ்ஸில் ஏறுவது புதுமையன்று. அதன் எஞ்சினை மூடியிருக்கும் தகட்டைத் திறந்து பார்ப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

உதாரணமாக இலண்டன் நகரின் ‘றூட்மாஸ்டர்’ பஸ்ஸை எடுத்துக்கொள்கின்றோம். அரை நூற்றாண்டுக் காலம் பயணிகளைச் சுமந்த அவ்வண்டியின் வரலாற்றில் எஞ்சின் மாற்றம் வெவ்வேறு கட்டங்களில் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தது. பொதுவுடைமையாக இருந்த காலத்தில் ஒரு பொருள். சந்தையின் கைக்குப் போன காலத்தில் வேறொரு பொருள். அரும்பொருளாக மாறிய காலத்தில் பிறிதொரு பொருள். இரும்பும் அலுமினியமும் மாறவில்லை. அவற்றைச் சூழ்ந்த சமூக உறவுகளே மாறின.

2

றூட்மாஸ்டரின் தோற்றம் இரண்டாம் உலகப் போருடன் தொடர்புடையது. போர்க்காலத்தில் இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் வேலைத்தலங்களும் பிற தொழிற்சாலைகளும் இணைந்து ‘ஹலிபக்ஸ்’ குண்டுவீச்சு விமானங்களை உற்பத்தி செய்தன. அலுமினியத் தகடுகளைக் கொண்டு பாரமற்ற, ஆயினும் உறுதியான கூடுகளை அமைக்கும் அனுபவம் இவ்வாறே பஸ் தொழிலாளருக்கும் பொறியியலாளருக்கும் கிட்டியது. அழிவுக்கென வளர்க்கப்பட்ட உற்பத்திச் சக்தி அமைதிக்காலத்தில் மக்கள் போக்குவரத்துக்குத் திருப்பப்பட்டது. 1948இல் இலண்டன் போக்குவரத்துத் தேசியமயமாக்கப்பட்டமையும் இப்பின்னணியில் நோக்கற்பாலது.

முதல் மாதிரி வண்டி 1954இல் காட்சிக்கு வைக்கப்பட்டு 1956 பெப்ரவரியில் சேவையில் இறங்கியது. 1968இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது மொத்தம் 2,876 வண்டிகள் கட்டப்பட்டிருந்தன. சௌதாலில் இருந்த ஏ.இ.சி. நிறுவனம் இயங்குபாகங்களையும் பார்க் றோயல் நிறுவனம் உடற்கூட்டையும் அமைத்தன. டூரண்ட், கொலின் கேர்ட்டிஸ் முதலிய பொறியியலாளரும் புறத்தோற்றத்தை வகுத்த டக்ளஸ் ஸ்கொட்டும் அதன் ஆக்கத்துடன் தொடர்புடைய பெயர்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏ.இ.சி.யின் 9.6 லீற்றர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 115 பரிவலு. ஒரு பகுதி வண்டிகள் லேலண்ட் நிறுவனத்தின் 9.8 லீற்றர் எஞ்சினைப் பெற்றன.

இவ்வண்டிக்கு வழமையான நெடுஞ்சட்டம் இல்லை. உடற்கூடே பாரத்தைத் தாங்கியது. முன்புறத்தில் எஞ்சினையும் முன்சில்லுகளையும் சுக்கான் அமைப்பையும் தாங்கும் ஒரு துணைச்சட்டகமும், பின்புறத்தில் பின் அச்சைத் தாங்கும் மற்றொரு துணைச்சட்டகமும் உடற்கூட்டுடன் முடுக்கப்பட்டன. கியர்ப்பெட்டி எஞ்சினுடன் ஒட்டியிராது வண்டியின் நடுப்பகுதியில் தனியே அமைந்தது. கழற்றுவதற்கென்றே பூட்டப்பட்ட வண்டி எனலாம். ஓர் உறுப்பு பழுதுபட்டால் மற்றவற்றைக் குலைக்காமல் அதனை எடுத்து மாற்ற முடிந்தது. வடிவமைப்போர் பழுதுபார்ப்போரை மனத்திற்கொண்டு வரைந்தனர். இதற்கு நல்லெண்ணம் மட்டும் காரணமன்று. வண்டியை வடிவமைத்ததும் ஓட்டியதும் திருத்தியதும் ஒரே பொது நிறுவனமாக இருந்தது. பழுதுபார்ப்புச் செலவு தன் தலையிலேயே விழும் என்பதை அது அறிந்திருந்தது. வண்டியை விற்றுவிட்டு உதிரிப்பாகங்களில் இலாபம் தேடும் நிறுவனத்தின் கணக்கு வேறு விதமாகவே அமையும்.

3

இத்தத்துவத்தின் நிறைவான வடிவத்தை அல்டன்ஹாம் வேலைத்தலத்தில் காணலாம். நிலக்கீழ்ப் புகையிரத விஸ்தரிப்புக்கெனக் கட்டப்பட்டு, போர்க்காலத்தில் விமான உற்பத்திக்குப் பயன்பட்ட அக்கட்டடம் 1950களில் பஸ்களின் முழுப் பழுதுபார்ப்பு நிலையமாக மாற்றப்பட்டது. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பஸ்ஸும் அங்கு சென்றது. உடற்கூடு ஒரு வழியிலும் துணைச்சட்டகங்கள் மற்றொரு வழியிலும் அனுப்பப்பட்டன. எஞ்சின்கள் சிஸ்விக் வேலைத்தலத்தில் திருத்தப்பட்டன.

இங்கு ஒரு வியப்பான நடைமுறை நிலவியது. உள்ளே சென்ற வண்டியின் பாகங்கள் திருத்தப்படும் வரை அதன் இலக்கம் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே திருத்தி முடிக்கப்பட்ட வேறொரு கூட்டுக்கு அவ்விலக்கம் கொடுக்கப்பட்டு, வண்டி உடனே வீதிக்கு அனுப்பப்பட்டது. உள்ளே சென்ற பஸ்ஸும் வெளியே வந்த பஸ்ஸும் பெயரால் ஒன்று, பொருளால் வேறு. அனுமதிக் கட்டணம் செலுத்தப்பட்ட வண்டி ஒரு நாளேனும் சும்மா நிற்கலாகாது என்பதே இதற்கான காரணம்.

கிரேக்க வீரன் தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் கூறும் கதை மெய்யியல் மாணவர் அறிந்தது. உக்கிய பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னரும் அது அதே கப்பல்தானா என்பது வினா. ஈராயிரம் ஆண்டுகளாக அறிஞர் வாதிட்டுவரும் இவ்வினாவை அல்டன்ஹாம் தொழிலாளர் நாள்தோறும் தங்கள் சுத்தியலாலும் திருகுசாவியாலும் தீர்த்து வைத்தனர். அவர்களைப் பொறுத்தவரை பஸ்ஸின் அடையாளம் அதன் உலோகத்தில் இருக்கவில்லை. அது ஆற்றிய சேவையில் இருந்தது. 1980களின் தொடக்கம் வரையில் எஞ்சின் மாற்றம் என்பது ஒரு நிகழ்ச்சியன்று. குருதியோட்டம் போல இடைவிடாது நடந்த ஒரு சுழற்சி.

மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் இப்பிரச்சினையைத் தொட்டுச் செல்கின்றார். எங்கெல்ஸ் பதிப்பித்து 1885இல் வெளிவந்த அப்பாகத்தில், புகையிரதப் பாதைகளை உதாரணமாகக் கொண்டு, பழுதுபார்த்தல் எங்கே முடிகின்றது, புதிதாக மாற்றீடு செய்தல் எங்கே தொடங்குகின்றது என்னும் எல்லை நெகிழ்வானது என்று காட்டுகின்றார். இது வெறும் சொற்பிரச்சினையன்று. நடைமுறைச் செலவாகக் காட்ட வேண்டியதை மூலதனச் செலவாகக் காட்டிப் பங்கிலாபத்தை ஊதிப்பெருக்கும் வித்தையைப் புகையிரதக் கம்பனிகளின் இயக்குநர்கள் நன்கறிந்திருந்தனர் என்பதையும் அவர் சுட்டுகின்றார். எஞ்சின் ஒன்றை மாற்றுதல் ‘திருத்தமா’ ‘முதலீடா’ என்னும் வினாவுக்கு விடை பட்டறையில் இல்லை. கணக்கேட்டை வைத்திருப்பவனின் நலனில் உள்ளது.

அல்டன்ஹாமைச் சொர்க்கமாகச் சித்திரிப்பது நமது நோக்கமன்று. அது ஒரு பெருந்தொழிற்சாலை. வேலை சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில் விளக்கிய, சிந்தனை வேறாகவும் செயல் வேறாகவும் பிரியும் போக்கு அங்கும் இருந்தது. பொதுவுடைமை என்ற பெயர்ப்பலகை உற்பத்தி உறவுகளை முற்றாக மாற்றிவிடவில்லை. 1958 மே, யூன் மாதங்களில் இலண்டன் பஸ் தொழிலாளர் ஏழு வாரங்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தமை இதற்குப் போதிய சான்றாகும். எனினும், திறனும் உதிரிப்பாகமும் வடிவமைப்பு அறிவும் ஒரே கூரையின்கீழ்ச் சமூகச் சொத்தாகத் திரண்டிருந்தன என்பதை மறுத்தல் இயலாது.

4

எஞ்சின் எது என்பதைவிட, எஞ்சின் எங்கே இருந்தது என்பது சமூக வரலாற்றில் முக்கியத்துவம் மிக்கது. றூட்மாஸ்டரில் எஞ்சின் முன்னால் இருந்தது. அதன் பக்கத்தில் ஒடுங்கிய தனிக்கூண்டில் சாரதி அமர்ந்தார். பயணிகள் பின்புறத்துத் திறந்த மிதிமேடையால் ஏறினர். எனவே சாரதி பயணச்சீட்டு வழங்குதல் இயலாது. வண்டியில் இன்னொருவர் கட்டாயம் இருந்தாக வேண்டும். நடத்துநர் என்னும் தொழிலாளியின் இருப்பை உறுதிசெய்தது எஞ்சின் இருந்த இடமே.

1950களின் பிற்பகுதியில் லேலண்ட் நிறுவனம் எஞ்சினைப் பின்புறத்துக்குக் கொண்டுசென்று ‘அற்லான்ரியன்’ என்னும் மாடிப் பஸ்ஸை அறிமுகம் செய்தது. முன்புறம் காலியாயிற்று. சாரதியின் பக்கத்திலேயே வாயில் அமைந்தது. 1966இல் மாடிப் பஸ்களை ஒருவரே இயக்குவதற்குப் பிரித்தானியாவில் அனுமதி கிடைத்தது. 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் இவ்வகைப் புதிய பஸ்களை வாங்குவதற்கு மானியம் வழங்க வழிசெய்தது. எஞ்சின் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்தபோது, மிதிமேடையில் நின்ற ஒரு மனிதர் வீதிக்கு இறக்கப்பட்டார். தொழில்நுட்ப முன்னேற்றம் என்ற நடுநிலைப் பெயரால் அழைக்கப்படும் மாற்றங்களுள் எத்தனை இவ்வாறு கூலியைக் குறைக்கும் உபாயங்களாக உள்ளன என்பதை மார்க்ஸ் இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் நூறாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருந்தார்.

அம்மிதிமேடையில் நின்றவர்களுள் பலர் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தோர். போருக்குப் பிந்திய ஆட்பற்றாக்குறையைத் தீர்ப்பதற்காக இலண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956 முதல் பார்படோஸ் தீவிலிருந்தும், 1966இல் ஜமெய்க்கா, ட்ரினிடாட் ஆகிய தீவுகளிலிருந்தும் நேரடியாகத் தொழிலாளரைச் சேர்த்தது. சீனித் தோட்டங்களில் முன்னோரின் உழைப்பைப் பறித்த பேரரசு, அவர்களது பேரரைத் தனது தலைநகரின் பஸ்களை ஓட்ட அழைத்தது. இன்று சுற்றுலா அஞ்சலட்டைகளில் அச்சிடப்படும் சிவப்பு பஸ் ஆங்கிலேயத் தன்மையின் சின்னமாகப் போற்றப்படுகின்றது. அப்படத்தில் அவ்வுழைப்பின் நிறம் தெரிவதில்லை.

5

1979இல் மார்கிரட் தட்சரின் ஆட்சி தொடங்கியது. அதே ஆண்டில் சௌதாலில் ஏ.இ.சி. தொழிற்சாலை மூடப்பட்டது. 1962இலேயே அது லேலண்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஏகபோகமாக ஒன்றுதிரளும் மூலதனம் தனக்குள் விழுங்கிய நிறுவனத்தைப் பின்னர் கைவிடுவது புதிய செய்தியன்று. 1984இல் இலண்டன் போக்குவரத்து நகராட்சியிடமிருந்து பறிக்கப்பட்டு மத்திய அரசின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. 1985 முதல் வழித்தடங்கள் கேள்விப்பத்திர முறைக்கு விடப்பட்டன. 1986இல் பெருநகர இலண்டன் சபையே கலைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அல்டன்ஹாமும் மூடப்பட்டது. புதிய பஸ்கள் உடற்கூட்டையும் அடிச்சட்டத்தையும் எளிதிற் பிரிக்கத்தக்கனவாக அமையாததால் அங்கு திருத்துவது கட்டுப்படியாகவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது உண்மையே. ஆயின், பிரிக்க முடியாத வண்டியை வாங்கியது யார் என்னும் வினா அதனுடன் கேட்கப்பட வேண்டியது.

இங்கு வரலாற்றின் முரண்நகை வெளிப்படுகின்றது. றூட்மாஸ்டருக்கு மாற்றாக வாங்கப்பட்ட வண்டிகளுட் பல அதற்கு முன்னரே ஓய்ந்தன. 1982 முதல் றூட்மாஸ்டர்கள் பெருந்தொகையாகக் கழிக்கப்பட்ட போதிலும், நகரின் மையத்தில் அவை தொடர்ந்து தேவைப்பட்டன. ஏறியவர்களிடம் வண்டி ஓடும்போதே நடத்துநர் பணம் பெற்றதால் தரிப்பிடங்களில் நேரம் வீணாகவில்லை. 1986 ஒக்ரோபரில் இலண்டனுக்கு வெளியே பஸ் சேவைகள் கட்டுப்பாடின்றித் திறந்துவிடப்பட்டபோது, ஸ்கொத்லாந்தின் கம்பனிகள் சில போட்டிக்காக இப்பழைய வண்டிகளையே வாங்கி ஓட்டின. சந்தை தானே கழித்த பொருளைத் தானே தேடிச் சென்றது.

ஆகவே, வண்டி இருந்தது. ஆனால் எஞ்சினை ஆக்கியோர் இல்லை. இந்நிலையிலேயே 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நூற்றுக்கணக்கான றூட்மாஸ்டர்களில் ஏ.இ.சி., லேலண்ட் எஞ்சின்கள் அகற்றப்பட்டு, இத்தாலியின் இவெக்கோ எஞ்சின்களும் அமெரிக்கக் கம்பனியான கமின்ஸின் எஞ்சின்களும் பொருத்தப்பட்டன. பின்னர் சிலவற்றில் சுவீடனின் ஸ்கேனியாவும் இடம்பெற்றது.

இவ்வேலையின் இயல்பைச் சற்று நோக்குவோம். புதிய எஞ்சின் பழையதன் அளவினதன்று. அதனைத் தாங்கும் அடைகள் புதிதாக அமைக்கப்பட வேண்டும். அதன் சுழற்சி வேகம் வேறு. ஆகவே நடுவிலுள்ள பழைய கியர்ப்பெட்டியுடனும் பின் அச்சுடனும் அது இசைய வேண்டும். குளிரூட்டும் நீரின் வழி, புகைக்குழாயின் போக்கு, மின்னாக்கியின் இடம், சாரதியின் காலடியிலிருந்து எரிபொருட் பம்பிக்குச் செல்லும் இணைப்பு ஆகிய யாவும் மீளச் சிந்திக்கப்பட வேண்டியன. முப்பது ஆண்டுகளுக்கு முன் 115 பரிவலுவுக்கெனக் கணிக்கப்பட்ட உறுப்புகள் புதிய எஞ்சினின் உந்துவிசையைத் தாங்குமா என்பதையும் பார்த்தல் வேண்டும். இதற்கான அறிவின் பெரும்பகுதி நெடுங்காலம் அவ்வண்டியுடன் பழகியோரின் கைகளிலும் செவிகளிலும் இருந்தது. எஞ்சினின் ஒலியைக் கேட்டே நோயறியும் தொழிலாளி, நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியனுக்கு எவ்வகையிலும் குறைந்தவனல்லன்.

அல்டன்ஹாமின் சுழற்சியிலிருந்து இம்மாற்றம் எவ்வாறு வேறுபட்டது? அங்கு ஒரே இனத்தைச் சேர்ந்த உறுப்புகள் ஒன்றையொன்று மாற்றீடு செய்தன. இங்கோ வண்டியின் இனம் அழிந்துவிட்டது. உலகச் சந்தையில் லொறிகளுக்கும் பிற வண்டிகளுக்கும் எனப் பொதுவாக உற்பத்தியாகும் எஞ்சின்கள் அதனுள் வைக்கப்பட்டன. தேசிய உற்பத்தியின் இடத்தைப் பல்தேசியக் கம்பனிகளின் உற்பத்தி பிடித்தது. பிரித்தானியக் கைத்தொழிலின் வீழ்ச்சியை விளக்கும் புள்ளிவிபரத் தொகுதி ஒன்று செய்வதை இவ்வெஞ்சின்களின் பெயர்த்தகடுகளே செய்துவிடுகின்றன. இவ்வாறு பொதுச் செலவில் புத்துயிர் பெற்ற வண்டிகளுடனேயே 1994இலும் 1995இலும் இலண்டன் பஸ் கம்பனிகள் தனியாருக்கு விற்கப்பட்டன. வெளியே பழைய சிவப்பு நிறம். உள்ளே அந்நிய எஞ்சின். உரிமைப் பத்திரத்தில் புதிய முதலாளி. போட்டியின் சுமையோ பெரிதும் தொழிலாளரின் ஊதியத்தின் மீதும் வேலைநேரத்தின் மீதும் இறங்கியது.

6

2000ஆம் ஆண்டில் கென் லிவிங்ஸ்டன் இலண்டன் மேயராகத் தெரிவான பின்னர், முன்பு விற்கப்பட்ட றூட்மாஸ்டர்களுள் ஏறத்தாழ ஐம்பது மீள வாங்கப்பட்டன. அவற்றுக்கு 5.9 லீற்றர் கமின்ஸ் எஞ்சினும் தன்னியக்க கியர்ப்பெட்டியும் பொருத்தப்பட்டன. 9.6 லீற்றர் கொள்ளளவு செய்த வேலையை அதனிலும் மிகச் சிறிய எஞ்சின் குறைந்த நச்சுப்புகையுடன் செய்தது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி மறுக்கத்தக்கதன்று. ஆயின், 2005 டிசெம்பர் 9ஆந் திகதி 159ஆம் இலக்க வழித்தடத்தில் கடைசி வண்டி ஓடியதுடன் றூட்மாஸ்டரின் வழமையான சேவை முடிவுற்றது. பாரம்பரிய வழித்தடங்கள் என்ற பெயரில் 9ஆம், 15ஆம் இலக்கங்களில் சில வண்டிகள் பின்னரும் ஓடின. முன்னையது 2014இல் நின்றது, பின்னையதும் பின்பு இல்லாதொழிந்தது.

இம்முடிவைச் செலவுக் குறைப்பின் சதி என்று மட்டும் கூறிவிடுதல் நேர்மையாகாது. பின்மிதிமேடையில் சக்கர நாற்காலி ஏற வழியில்லை. 1995ஆம் ஆண்டு நிறைவேறிய அங்கவீனருக்கு எதிரான பாகுபாடு குறித்த சட்டம், அவர்களின் நீண்ட போராட்டத்தின் விளைவாகும். நாம் போற்றும் பொதுவுடைமைக் காலத்து வண்டி ‘பொது’ என்பதில் அவர்களைச் சேர்த்திருக்கவில்லை. எந்த எஞ்சின் மாற்றத்தாலும் இக்குறையைத் தீர்க்க முடியாது. பழையதன் மீதான பற்று இவ்வுண்மையை மறைக்குமாயின் அது பிற்போக்கே.

சேவையிலிருந்து நீங்கிய வண்டி புதிய வாழ்வொன்றைத் தொடங்கியது. திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் வாடகைக்கு விடப்படும் பொருளாகவும், ஆர்வலர்கள் சேகரிக்கும் அரும்பொருளாகவும் அது மாறியது. இக்கட்டத்தில் எஞ்சின் மாற்றம் தலைகீழாயிற்று. இவெக்கோவையும் கமின்ஸையும் கழற்றிவிட்டு, எங்கோ கிடந்த ஏ.இ.சி. எஞ்சினைத் தேடியெடுத்து மீளப் பொருத்துவோர் தோன்றினர். ‘மூல எஞ்சின்’ என்பது வண்டியின் மதிப்பை உயர்த்தும் சொல்லாயிற்று. வால்டர் பென்ஜமின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில், பொறிமுறை மறுவுற்பத்தியின் காலத்தில் கலைப்பொருளைச் சூழ்ந்திருந்த ஒளிவட்டம் மங்கிவிடும் என்றார். இங்கோ, தொடக்கத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் மறுவுற்பத்தி செய்யப்பட்ட பொருளொன்று, அதனை ஆக்கிய தொழிற்சாலை மூடப்பட்ட பின்னர், தனக்கென ஓர் ஒளிவட்டத்தைத் தேடிக்கொண்டது. அல்டன்ஹாம் தொழிலாளர் ஒரே நாளில் இலக்கங்களை மாற்றிப் பூட்டிய வண்டிக்கு ‘மூல எஞ்சின்’ எது என்று கேட்பதில் உள்ள நகைச்சுவையை அவர்கள் நன்கு சுவைத்திருப்பர்.

ஆர்வலர்களை எள்ளி நகையாடுதல் எமது கருத்தன்று. அவர்களுட் பலர் தொழிலாளர்; ஓய்வுநாளில் கூலியின்றி உழைத்து, மூடப்பட்ட தொழிற்சாலைகளின் அறிவைக் காத்துவருவோர். கூலிக்காகச் செய்த காலத்தில் சலிப்பைத் தந்திருக்கக்கூடிய வேலை, சுயவிருப்பில் மகிழ்ச்சியைத் தருவதாயிற்று. அந்நியமாதலற்ற உழைப்பின் மங்கிய நிழல் ஒன்று அங்கு புலப்படுகின்றது. குறை யாதெனில், அவர்கள் பேணுவது பொருளை. அப்பொருள் உருவாக்கிய சமூக உறவை அன்று. 2012இல் இலண்டனில் ‘புதிய றூட்மாஸ்டர்’ என மக்களால் அழைக்கப்பட்ட வண்டி சேவைக்கு வந்தபோது பின்மிதிமேடை மீண்டும் அமைக்கப்பட்டது. பயணச்சீட்டு வழங்காத துணை ஊழியர் ஒருவர் அங்கு நின்றார். 2016இல் அவ்வூழியர் அகற்றப்பட்டனர். மிதிமேடையின் கதவும் அடைக்கப்பட்டது. பெயர் நின்றது, ஆள் போயினார்.

7

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. இலண்டன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த அதே 1958ஆம் ஆண்டின் சனவரி முதலாந் திகதி இலங்கையில் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை நிறுவப்பட்டது. தனியார் பஸ் முதலாளிகளின் போட்டியாலும் சுரண்டலாலும் சீரழிந்திருந்த சேவையைப் பொதுமக்களுக்குரியதாக்க இடதுசாரி இயக்கம் நடத்திய நெடிய போராட்டம் இதற்குப் பின்புலமாக அமைந்தது. றூட்மாஸ்டருக்கு முன்னோடியான இலண்டன் மாடிப் பஸ்கள், இலண்டனில் கழிக்கப்பட்ட பின்னர், நூற்றுக்கணக்கில் இங்கு கொண்டுவரப்பட்டுக் கொழும்பு வீதிகளில் ஓடின. அவற்றின் எஞ்சின்களும் ஏ.இ.சி., லேலண்ட் ஆகியவையே. அங்கு தேய்ந்தவை இங்கு மறுபிறவி எடுத்தன. 1980களின் பிற்பகுதியில் றூட்மாஸ்டர்கள் சிலவும் இவ்வாறே வந்து சேர்ந்தன.

மையத்தில் பெறுமதியிழந்த இயந்திரம் விளிம்பில் மீண்டும் பெறுமதி பெறுகின்றது. இதனைச் சாத்தியமாக்குவது மலிவான உழைப்பு மட்டுமன்று. திறன் மிக்க உழைப்புமாகும். வெரஹெரவில் இருந்த மத்திய வேலைத்தலத்திலும் நாடெங்குமுள்ள சாலைகளிலும், பழைய எஞ்சின்களைக் குடைந்து, சுவர் போட்டு, கிடைக்காத உறுப்பைத் தாமே கடைந்து பொருத்திய தொழிலாளர் பரம்பரையொன்று உருவாயிற்று. 1977இன் திறந்த பொருளாதாரமும், 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டமையும், சபை கூறுகூறாக உடைக்கப்பட்டமையும் இப்பரம்பரையின் அடித்தளத்தை அரித்தன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைப் போக்குவரத்துச் சபை மீண்டும் ஒரே சபையாக அமைக்கப்பட்ட போதிலும், சிதறிய அறிவைச் சட்டத்தால் ஒன்றுசேர்த்தல் இயலாது.

வடக்கிலே இவ்வறிவு வேறொரு சோதனைக்கு உள்ளாயிற்று. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உபாயத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கவில்லை. தெருவோரக் கராஜ்களில் அது பிறந்தது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும் மாணவரைப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுசென்றதும் அவ்வறிவே. இலண்டனில் எஞ்சின் மாற்றம் கணக்கேட்டின் தேவையாக இருந்தது. இங்கு அது உயிர்வாழ்வின் தேவையாயிற்று. துன்பத்தைப் புகழ்ந்து பாடுதல் ஆய்வாளனின் கடனன்று. எனினும், உழைக்கும் மக்களின் ஆக்கத்திறன் எத்தகைய நெருக்கடியிலும் முற்றாக அழிவதில்லை என்பதைப் பதிவுசெய்தல் அவன் கடனாகும்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, எஞ்சின் மாற்றம் என்னும் தொழில்நுட்பச் செயல் தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. எவரது உடைமையில், எவரது நலனுக்காக, எவரது திறனைக் கொண்டு அது செய்யப்படுகின்றது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கின்றது. இரண்டாவதாக, பழுதுபார்க்கும் அறிவு உற்பத்திச் சக்திகளின் இன்றியமையாத கூறாகும். அதனைச் சிதறடிக்கும் எந்தச் சீர்திருத்தமும், கணக்கேட்டில் இலாபம் காட்டினாலும், சமுதாயத்தை வறுமைப்படுத்துகின்றது. மூன்றாவதாக, பழம்பொருட் பற்று உழைப்பின் வரலாற்றை வெளிக்கொணரவும் கூடும்; மறைக்கவும் கூடும்.

நமது ஆய்வுலகம் ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பேணியமை பெரும்பணி. அதனோடு செய்யப்பட வேண்டிய பணி ஒன்றும் உண்டு. வெரஹெரவிலும் கோண்டாவிலிலும் பிற சாலைகளிலும் எஞ்சின் இறக்கி ஏற்றிய தொழிலாளரின் வாய்மொழிகளைத் திரட்டுதல் வேண்டும். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்கள், கையாண்ட உபாயங்கள், நடத்திய வேலைநிறுத்தங்கள் ஆகியன எழுத்தில் ஏறவில்லை. சுவடியைச் செல்லரிப்பதற்கு நூறாண்டுகள் ஆகும். தொழிலாளியின் நினைவுக்கு அத்துணை அவகாசம் இல்லை. அருங்காட்சியகத்தில் மெருகிட்டு நிறுத்தப்படும் பஸ்ஸின் பக்கத்தில், அதன் எஞ்சினை மாற்றியவர்களது சாட்சியமும் இடம்பெறும்போதே அது முழுமையான வரலாற்றுச் சான்றாகும்.